ஒன்பது துறைகள் திறக்கும் நாள்

சதீஷ் பிளக்கைப் பிடுங்குவதைச் சுடர்விழி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வாயைத் திறந்து வேண்டாமென்று சொல்வதற்குள் அது சுவரைவிட்டுக் கழன்று வந்துவிட்டது. உள்ளறையில் நேற்றிலிருந்து நிற்காமல் ஓடிய கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் அடங்கியது. அதே இடத்தில் ஐஸ் பெட்டியின் பிளக் ஏறியது. கூடத்தில் பெட்டி ஒருமுறை குலுங்கி உறும, கண்ணாடி மூடிக்குக் கீழே அவளுடைய அண்ணன் பகலவன் புதுச்சட்டையோடு படுத்திருந்தான்.

"போச்சு," என்றாள் சுடர்விழி.

பக்கத்தில் நின்ற பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளும் அழுதாள். காலையிலிருந்து எத்தனையாவது முறை என்று அவளுக்கே தெரியாது. ஆனால் இந்த முறை அழுகைக்கு நடுவில் மண்டைக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரை மறுபடி எழுப்ப வேண்டும், சோதனையை முதலிலிருந்து ஓட்ட வேண்டும், மத்தியானத்துக்குள் அனுப்ப வேண்டும். அண்ணன் செத்துக் கிடக்கும்போது இப்படியும் ஒருத்திக்கு மூளை வேலை செய்யுமா என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

சதீஷைக் குற்றம் சொல்ல முடியாது. பெரியப்பா ரெத்தினத்தின் மகன் அவன், அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். சாவு வீட்டில் யார் எதைச் சொன்னாலும் ஓடிப்போய்ச் செய்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்பான். அன்று பார்த்து மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால் வராது. திருத்துறைப்பூண்டி வரைக்கும் அதே கதைதான். ஆவணி முகூர்த்தமாகையால் சுற்றுவட்டாரத்து ஜெனரேட்டர்கள் எல்லாம் கல்யாண மண்டபங்களில் மாட்டிக்கொண்டிருந்தன. பகலவனின் ஆக்ஸிஜன் மெஷினுக்காக வாங்கிய இன்வெர்ட்டர்தான் தெருவுக்கே மிச்சமிருந்த மின்சாரம். ஐஸ் பெட்டியையும் கம்ப்யூட்டரையும் அது சேர்த்துத் தாங்காது. பிறகு ஒருமுறை சேர்த்துப் போட்டுப் பார்த்தபோது படக்கென்று விழுந்துவிட்டது. இரண்டில் ஒன்றைத்தான் ஓட்டலாம் என்றால் சாவு வீட்டில் எதை ஓட்டுவார்கள் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பகலவன் பார்த்த வேலை ஊரில் பாதிப்பேருக்குப் புரியாது. மீதிப்பேர் புரிந்ததுபோல் தலையாட்டுவார்கள். இருபது இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டில் யாரோ செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு அது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஒன்பது துறைகள்'. சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு அல்ல. நாமே ஒரு ஆளாக அதற்குள் போய், பெயர் வைத்துக்கொண்டு, கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, ஒரு பெரிய ஆற்றின் ஓடத்துறைகளை ஒவ்வொன்றாகத் தாண்டிக் கடல்வரை போய்ச் சேர வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அன்றன்றைக்கு விட்ட இடத்தைச் சேமித்து வைத்துக்கொண்டால் மறுநாள் அங்கிருந்தே தொடரலாம். அந்தப் பழைய விளையாட்டைத்தான் இந்தக் காலத்து மெஷின்களுக்கு ஏற்றபடி துலக்கிப் புதுப்பதிப்பாகக் கொண்டுவருகிறார்கள். சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி அதற்கு ஒத்தாசை செய்யும் வேலையை எடுத்திருந்தது. பகலவனுக்கு அதில் பிழை திருத்தும் வேலை. சுடர்விழிக்கு, விளையாடுகிறவர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை. அண்ணனும் தங்கையும் ஒரே அறையில், ஒரே மின்விசிறிக்குக் கீழே, முதுகோடு முதுகு காட்டி உட்கார்ந்து செய்தார்கள்.

அப்பா இராஜாங்கம் இதைப் பற்றி வாய்விட்டு எதுவும் சொன்னதில்லை. ஒரே ஒருமுறை, நடவு நேரத்தில் ஆள் கிடைக்காமல் அலைந்து வந்த எரிச்சலில், ஊரே தண்ணி வரலையேன்னு கிடக்கு, இவன் பொட்டிக்குள்ள ஆறு ஓட்டுறான் என்றார். பகலவன் அதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினான். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவன் இதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. நாற்பதைத் தாண்டுவது கஷ்டம் என்று தஞ்சாவூர் டாக்டர் ஒருவர் அவன் அம்மா அம்சத்திடம் தனியாகச் சொல்லியிருந்தார். அது தன்னோடு மட்டும் இருப்பதாக அம்சம் நினைத்திருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பகலவனுக்கும் தெரியும்.

அன்று மாலை ஆறு மணிக்கு உலகம் முழுக்க ஒரே சமயத்தில் விளையாட்டு வெளியாகிறது. ஒரு மாதமாக அந்த அறை திருவிழாத் தெருவாக இருந்தது. காரணம், கம்பெனி கொடுத்திருந்த ஒரு வாக்கு. பழைய விளையாட்டில் எப்போதோ சேமித்து வைத்த ஆட்டத்தை இந்தப் புதுப்பதிப்பில் திறந்து, விட்ட இடத்திலிருந்தே ஆடலாம். அதைக் கேட்டதும் சனங்கள் பரணில் ஏறிப் பழைய கம்ப்யூட்டர்களை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கடிதம் கடிதமாக வந்து விழுந்தது. போலந்தில் ஒரு பஸ் டிரைவர் தம்பியோடு சண்டைபோட்டுப் பிரிந்தபோது பாதியில் விட்ட ஆட்டத்தைத் தேடி எடுத்திருந்தார். பிரேசிலில் ஒரு டீச்சர் நாலாம் துறையில் நிற்கும்போது பிரசவ வலி எடுத்துப் போனவள், அந்தப் பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறதாம், இருவருமாகச் சேர்ந்து திறக்கப்போகிறார்களாம். சுடர்விழி ஒவ்வொன்றையும் தமிழில் படித்துக் காட்டுவாள். பகலவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்பான். அம்சம் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு அந்த டீச்சரம்மாவுக்கு என்ன குழந்தை என்று கேட்பாள்.

அதில்தான் இடி விழுந்தது. முன்கூட்டியே பார்த்துச் சொல்லும்படி கொஞ்சம் பேருக்குப் புதுப்பதிப்பைக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், தன் பழைய ஆட்டத்தைத் திறந்தார். அது பாதி திறந்து நின்றது. நின்றதோடு போகாமல் பழைய சேமிப்பையும் அழித்துவிட்டது. இனி அதை மீட்க முடியாது என்று அவருக்குச் சுடர்விழிதான் எழுத வேண்டியிருந்தது. எழுதினாள். 'சரி' என்று மட்டும் பதில் வந்தது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாருக்கும் இப்படி ஆகாது, அபூர்வமாக எங்கோ ஒன்று, பரவாயில்லை என்றார்கள் விளையாட்டுக்குச் சொந்தக்காரர்கள். பகலவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எதனால் உடைந்தது என்று மூன்று நாளாகக் குடைந்தான். படு படு என்று அம்மா கெஞ்சினாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு உட்கார்ந்தே குடைந்தான். இன்று காலை ஏழு மணி வாக்கில், பல் துலக்கிக்கொண்டிருந்த சுடர்விழியை அறைக்குள்ளிருந்து கூப்பிட்டான். அந்தக் குரலில் இருந்த குதூகலத்தைக் கேட்டு அவள் வாயில் நுரையோடு ஓடினாள்.

"புடிச்சிட்டேன்டி," என்றான். "புதுசுல உசுரோட இருக்கிற கூட்டாளிய மட்டும்தான் எண்ணுது. பழசுல செத்தவனும் பட்டியல்ல இருப்பான். கணக்கு இடிச்சதும் எல்லாத்தையும் அழிச்சிடுது."

"இப்ப என்ன செஞ்ச?"

"செத்தவனையும் ஆளா எண்ணச் சொல்லிட்டேன். அவ்ளோதான். ஒத்த வரி."

சொல்லிவிட்டு விளையாடுகிறவர்கள் அனுப்பியிருந்த பழைய ஆட்டங்கள் அத்தனையையும் வரிசையாகத் திறந்து பார்க்கும் சோதனையைத் தட்டிவிட்டான். வெளியாகும் நாளுக்கென்று எடுத்து வைத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டான். அரை டம்ளர் காப்பி கேட்டான். அவள் காப்பியோடு வந்தபோது திரையில் ஆட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. அவன் நாற்காலியில் சாய்ந்து அதைப் பார்த்தபடி இருந்தான். பார்க்கிறான் என்றுதான் அவளும் நினைத்தாள். டம்ளரை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

இப்போது அந்த நாற்காலியில் யாரோ மாலைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சுடர்விழி அவற்றை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, சென்னையிலிருந்த ஜாபிருக்குப் போன் செய்தாள். அவர்தான் இருவருக்கும் மேலே இருப்பவர். பகலவனோடு எட்டு வருஷப் பழக்கம். செய்தி கேட்டதிலிருந்து அழுதிருக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. அனுப்புவதை விட்டுவிடும்படி அவளிடம் சொன்னார். இன்றைக்கு உடைகிறது உடையட்டும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், விளையாட்டின் சொந்தக்காரர்களிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

"உடைஞ்சா உடைஞ்சதுதான் சார். திரும்பி வராது," என்றாள் அவள்.

மூன்று மணிக்குள் தன் கைக்கு வந்தால் சேர்த்துவிடுவதாகவும், அதற்குமேல் தன் கையில் இல்லை என்றும் ஜாபிர் சொன்னார். சோதனை முழுதும் முடிந்திருக்க வேண்டும், செய்தவர் அல்லாத இன்னொருவர் சரிபார்த்ததாகப் பெயர் போட வேண்டும், கம்பெனி விதி அப்படி. வேறு மெஷினிலிருந்து அனுப்பவும் முடியாது. பகலவனின் மெஷினுக்குத்தான் அந்தக் கதவு திறக்கும்.

அவள் கூடத்துக்கு வந்து பெரியப்பாவிடம் கேட்டாள். ஒரு ஒன்றரை மணி நேரம் பெட்டியை நிறுத்திக்கொள்ளலாமா என்றாள். ரெத்தினம் கெட்டவர் இல்லை. தம்பி மகனைத் தோளில் தூக்கி வளர்த்தவர், காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுதும் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடி மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"வெளிய வெயில் கொளுத்துது. பூவிழி கோயமுத்தூர்லேருந்து பஸ்ல வந்துகிட்டு இருக்கா. அவ வந்து தம்பி மொகத்தப் பாக்க வேணாமா? கறுத்துப் போச்சுன்னா நான் அவகிட்ட என்ன சொல்றது?"

யாரோ முகம் தெரியாதவர்களின் விளையாட்டுக்காகப் பூவிழி அக்காவின் கடைசிப் பார்வையைப் பறிக்கப் பார்க்கிறோமே என்று சுடர்விழிக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் கப்பல் சமையல்காரரின் அந்த 'சரி'யும் விட்டபாடில்லை. மன்னார்குடியில் மின்சாரம் இருக்கிறது, பைக்கில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்வரலாம் என்றான் சதீஷ். போய் வேலையை முடித்துத் திரும்புவதற்குள் எடுக்கிற நேரம் வந்துவிடும். குளிப்பாட்டும்போது கூடப்பிறந்தவள் இல்லாமல் எப்படி என்று இரண்டு கிழவிகள் ஒரே குரலில் அதட்டினார்கள்.

பந்தலுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இராஜாங்கம் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அந்த நாற்காலியைவிட்டு அவர் நகரவில்லை. வந்தவர்கள் கையைப் பிடித்தால் கொடுத்தார், விட்டால் எடுத்துக்கொண்டார். அவர் இதையெல்லாம் கேட்கிறார் என்றே யாரும் நினைக்கவில்லை.

"சுடரு," என்றார்.

அவள் போய் எதிரில் குந்தினாள்.

"அவன் முடிச்சிட்டானா?"

"முடிச்சிட்டாம்ப்பா. சோதிச்சு அனுப்புறதுதான் பாக்கி."

"அனுப்பலன்னா?"

அவள் சொன்னாள். எத்தனை பேர், எத்தனை வருஷத்து ஆட்டம், ஆறு மணி அடித்ததும் எல்லோரும் ஆசை ஆசையாகத் திறப்பார்கள், திறந்த கையோடு போய்விடும். வெள்ளம் வந்த வருஷம் கதிர் முற்றிய வயலை ஒரே நாளில் இழந்தவர் அவர், அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. எழுந்தார். சட்டைப்பையில் டிவிஎஸ் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எங்க போற?" என்று ரெத்தினம் வாசலுக்கு வந்தார். "பெத்த புள்ள கெடக்குறப்ப தகப்பன் வண்டி எடுத்துகிட்டுத் தெருவுல போவக் கூடாதுடா. சதீஷை அனுப்பு."

"மூஸா நான் கேட்டாதான் இல்லேம்பான்," என்றார் இராஜாங்கம். "மத்தவங்க கேட்டா மீனுக்கு வேணும்னுடுவான்."

இல்லேங்கமாட்டான் என்பதை அவர் வாய் குளறித் தலைகீழாகச் சொன்னதைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. முத்துப்பேட்டைச் சாலையில் மீன் கடை வைத்திருக்கும் மூஸாவும் இராஜாங்கமும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளிகள், எந்நேரமும் சண்டை. டிவிஎஸ் இரண்டு உதையில் கிளம்பியது. ரெத்தினம் வாயைத் திறக்கப் போனார். பெட்டிக்குத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்சம் நிமிர்ந்தாள்.

"போயிட்டு வரட்டும் மச்சான். புள்ளைக்காக அலையுறது இதோட சரி."

அரைமணி நேரத்தில் டிவிஎஸ்ஸுக்குப் பின்னால் மூஸாவின் மீன் வண்டியும் வந்துவிட்டது. சாக்குப் போர்த்திய ஐஸ் பார்கள், ஆள் உயரத்துக்கு. மூஸா கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கி, கல்யாண வீட்டுக்கு ஒப்புக்கொண்டதை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன், அவர்கள் இன்றைக்குச் சூடாகச் சர்பத் குடிக்கட்டும் என்றார். சொன்ன கையோடு பெட்டிக்குள் பார்த்தார். மடித்த கைலியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அதுவரைக்கும் தலையில் கைவைத்துக்கொண்டிருந்த ரெத்தினத்துக்கு ஐஸைப் பார்த்ததும் கைகால் வந்துவிட்டது. இந்தக் கண்ணாடிப் பெட்டிகள் ஊருக்கு வருவதற்கு முன்னால் எத்தனை பேரை ஐஸில் வைத்துக் காத்தவர் அவர். மூஸா நேராக அடுக்கப் போனதைத் தடுத்து, கழுத்துக்கு ஒன்று, விலாவுக்கு ஒன்று என்று உடைக்கச் சொன்னார். மில்லிலிருந்து உமி மூட்டை வந்தது. ஐஸைச் சுற்றி உமியைக் கொட்டினால் சீக்கிரத்தில் உருகாது. மீன் நாற்றம் அடிக்கிறது என்று ஒரு கிழவி மூக்கைச் சுளிக்க, அவன் மீன் தின்னு வளந்த உடம்புதானே என்று ரெத்தினமே அதட்டினார். நாலு பேர் பகலவனைத் தூக்கிப் பெஞ்சில் கிடத்தினார்கள். அம்சம் முந்தானையால் அவன் முகத்தில் ஒட்டிய உமியை ஊதி ஊதித் துடைத்தாள். சதீஷ் ஐஸ் பெட்டியின் பிளக்கைக் கழற்றி, இந்தத் தடவை சுடர்விழியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கம்ப்யூட்டரின் பிளக்கைச் செருகினான்.

விசிறி சுற்றியது.

சோதனை முதலிலிருந்து தொடங்கியது. திரையில் ஒவ்வொரு ஆட்டமாகத் திறந்து ஒரு பச்சைப் புள்ளி விழும், அடுத்தது திறக்கும். போலந்து டிரைவரின் ஆட்டம் திறந்தது. பிரேசில் டீச்சரின் ஆட்டம் திறந்தது, நாலாம் துறையில் அவளுடைய ஆள் ஓடத்துக்குக் காத்துக்கொண்டு நின்றாள். பெயர் தெரிந்த ஒவ்வொருவரும் வந்து போகும்போது சுடர்விழி நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்தாள். நடுவில் புது ஊர் சனம் வந்து தெருமுனையில் அழுகுரல் கேட்டால் எழுந்து ஓட வேண்டும். வாசலில் அவர்களைக் கட்டிக்கொண்டு மாரில் அடித்து அழுவாள். அது பொய்யழுகை இல்லை. அழுது முடித்து அவர்களைப் பாயில் உட்காரவைத்ததும் ஓடிவந்து திரையைப் பார்ப்பாள். பச்சைப் புள்ளிகள் கூடியிருக்கும். உடம்பெல்லாம் ஒரு துள்ளல் ஏறும். துக்கமும் சந்தோஷமும் இப்படி ஒரே வயிற்றில் கிடந்து புரள்வதை அவள் அதுவரை அறிந்ததில்லை. இதை யாரிடம் சொல்வது? சொல்லக்கூடிய ஒரே ஆள் உமிக்கு நடுவில் படுத்திருந்தான்.

கடைசிக்குக் கொஞ்சம் இருக்கும்போது இன்வெர்ட்டர் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பேட்டரி தீர்கிறது. அதே சமயம் சோதனை ஒரு ஆட்டத்தில் வந்து நின்றுகொண்டது. அவள் திரைக்கு அருகில் குனிந்தாள். யாருடையது என்று பார்த்தாள். ஜப்பானில் ஒரு தபால்காரர். எட்டுக் கூட்டாளிகளோடு கிளம்பி, எட்டுப் பேரையும் வழியில் பறிகொடுத்துவிட்டு, ஒற்றை ஆளாக ஒன்பதாம் துறைக்கு முந்திய மேட்டில் ஆட்டத்தை நிறுத்தியவர். செத்தவர்கள் மட்டுமே நிறைந்த பட்டியல். அதைத்தான் மெஷின் மென்றுகொண்டிருந்தது. இன்வெர்ட்டர் கத்தியது. கூடத்தில் ஐஸ் உருகி வாளியில் சொட்டியது. வா வா என்று அவள் திரையிடம் சொன்னாள். ஒரு பட்டியல்தானே, எட்டுப் பெயர், எண்ணிவிடு.

பச்சைப் புள்ளி விழுந்தது.

அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். சிரித்த வாயைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினால் கதவருகில் அம்மா நின்றிருந்தாள்.

"ஆச்சா?" என்றாள் அம்சம்.

"ஆச்சும்மா. இன்னும் கொஞ்சந்தான்."

மிச்சம் இருந்தவை மளமளவென்று திறந்தன. முடிந்ததும் அனுப்பும் இடத்தில் இரண்டு கட்டங்கள் வந்தன. செய்தவர் என்ற கட்டத்தில் பகலவன் என்று அடித்தாள். சரிபார்த்தவர் என்ற கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது. கடிதத்துக்குப் பதில் எழுதுகிறவளே தவிர இப்படி ஒன்றுக்கு அவள் பொறுப்பேற்றதில்லை. தப்பாகப் போனால் அது அவள் தலையில் விடியும், அண்ணன் பெயரும் சேர்ந்து கெடும். அவன் இருந்தால் 'போடுடி' என்று மண்டையில் தட்டியிருப்பான். தன் பெயரை அடித்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் போனில் ஜாபிர் வந்தார். வந்து சேர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கம்ப்யூட்டரை அவளே முறைப்படி நிறுத்தினாள், பிளக்கை அவளே கழற்றினாள். பகலவனை மறுபடி பெட்டிக்குள் கிடத்தினார்கள், பேட்டரியில் இருந்த கொஞ்சநஞ்சத்தில் ஐஸ் பெட்டி மறுபடி உறுமியது.

பூவிழி வந்தபோது நாலு மணியாகப் போகிறது. தெருவிலிருந்தே தலைவிரி கோலமாக ஓடிவந்து பெட்டியின் மேல் விழுந்தாள். வெகுநேரம் அழுதுவிட்டு நிமிர்ந்து தம்பியின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். தூங்குறாப்லயே இருக்கான் பாருங்க பெரியப்பா என்றாள். ரெத்தினம் ஆமாம்மா என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்கு வெளியே போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். சங்கு ஊத, வேட்டு வெடிக்க, பகலவன் வாய்க்கால் கரையோடு கிளம்பிப் போனான். பெண்கள் தெருமுனைவரை போய் நின்று திரும்பினார்கள். திரும்பும்போது தெருவிளக்குகள் பட்டப்பகலில் பளிச்சென்று எரிந்தன, மின்சாரம் வந்துவிட்டது. பிணம் போன வீட்டைக் கழுவிவிட வேண்டும். சதீஷின் அம்மா மோட்டார் போட்டுத் தண்ணீர் பிடித்துக் கொடுக்க, பூவிழி கூடத்தில் வாளி வாளியாக ஊற்றினாள், சுடர்விழி துடைப்பத்தால் தள்ளினாள். உமியும் பூவும் கலந்து வாசலில் ஓடியது.

ஆறு மணிக்கு அவள் மணி பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. துடைப்பத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

ஆண்கள் காட்டிலிருந்து திரும்பி வாய்க்காலில் முங்கிவிட்டு ஈரத்தோடு வந்து விளக்கைக் கும்பிட்டார்கள். இராஜாங்கம் கும்பிட்டுவிட்டு நிலைப்படியை ஒட்டிச் சுவரில் சாய்ந்து ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போது ஜன்னலில் இருந்த சுடர்விழியின் போன் துடித்தது. அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ஒருமுறை படித்தாள், இன்னொருமுறை படித்தாள்.

"யாரு?" என்றார் இராஜாங்கம்.

"பிரேசில்லேருந்து அந்த டீச்சரம்மா. தெறந்துருச்சாம்ப்பா. விட்ட எடத்துலயே நிக்குதாம். அம்மாவும் மவளும் கத்துன கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்களாம்."

அம்சம் தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றாள். பூவிழிக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்ன திறந்தது என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் போன் மறுபடி துடித்தது. அது டிரைவர். அப்புறம் பெயர் தெரியாத யாரோ. அப்புறம் இன்னொருவர். படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. சுடர்விழியால் எழுத்தைப் பார்க்க முடியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர். போனைத் தரையில், அப்பாவுக்குப் பக்கத்தில், காய்ந்த ஓரமாக வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

"சாவு வீட்டுல என்ன இது ஓயாம அடிச்சுகிட்டு. அத அமத்துங்க," என்றார் ரெத்தினம், அலுப்போடு.

"கெடக்கட்டும்ண்ணே," என்றார் இராஜாங்கம்.

பெண்கள் மிச்சத் தண்ணீரைத் தள்ளினார்கள். போன் நிற்காமல் துடித்தது. துடிக்கும் ஒவ்வொரு தடவையும் வழவழத்த தரையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நிலைப்படிப் பள்ளத்தை நோக்கிப் போனது. விளிம்புக்கு வந்தபோது இராஜாங்கம் அதை ஒரு விரலால் தன் பக்கம் இழுத்து வைத்தார். அது மறுபடி நகர்ந்தது. அவர் மறுபடி இழுத்து வைத்தார்.